கோயில் அறக்கட்டளையில் பொறுப்பேற்கிறீர்களா? தென்னாப்பிரிக்காவில் புதிய அறங்காவலருக்கு ஒரு வழிகாட்டி

சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வெருலத்திலோ கோயில் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடியும் நேரம். யாரோ உங்கள் பெயரை முன்மொழிகிறார், இன்னொருவர் வழிமொழிகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். அன்றிலிருந்து நீங்கள் அறங்காவலர் என்று ஊர் பேசத் தொடங்கிவிடும். சட்டம் அவ்வளவு சுலபமாக உங்களை அறங்காவலராக ஏற்காது. ஏற்றுக்கொண்ட பிறகு அவ்வளவு சுலபமாக விட்டுவிடவும் செய்யாது.

1860 நவம்பர் 16 அன்று, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றி வந்த முதல் கப்பலான ட்ரூரோ டர்பன் துறையில் வந்து சேர்ந்த காலம் தொட்டு, கரும்புத் தோட்டக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்த காசில் நம் முன்னோர் கோயில்களையும் பள்ளிகளையும் எழுப்பினார்கள். அந்தச் சொத்து இன்று உங்கள் பொறுப்பில் வருகிறது. அதனால்தான் இதை மாலை மரியாதைக்குரிய பதவியாக மட்டும் நினைத்து ஏற்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. ‘கணக்கைப் பொருளாளர் பார்த்துக்கொள்வார், நான் கையெழுத்து மட்டும் போடுகிறேன்’ என்று சொல்பவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும், போடாமல் பேசாதிருந்த ஒவ்வொருவரும், தனித்தனியே பதில் சொல்ல வேண்டியவர்கள்.

முதல் வேலை: எந்த வகை அமைப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கோயிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சட்டத்தின் பார்வையில் மூன்று வகை உண்டு. உறுப்பினர்கள் கூடி விதிமுறை எழுதி நடத்தும் சங்கம் ஒன்று; அறக்கட்டளைப் பத்திரத்தால் உருவான அறக்கட்டளை ஒன்று; 2008-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ்ப் பதிவான இலாப நோக்கமற்ற நிறுவனம் மற்றொன்று. நம் பழைய கோயில்களில் பெரும்பாலானவை சங்கம் அல்லது அறக்கட்டளை. சில இடங்களில் நிலம் அறக்கட்டளையின் பெயரிலும் அன்றாட நிர்வாகம் சங்கத்தின் கையிலும் இருக்கும். அப்படியிருந்தால் எந்த முடிவு யாருடையது என்பதை முதல் மாதத்திலேயே எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்பவை முக்கியமாக அறக்கட்டளைக்கானவை. அதை ஆளும் சட்டம் 1988-ஆம் ஆண்டின் 57-ஆம் எண் அறக்கட்டளைச் சொத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம். நேர்மை, கவனம், கணக்கு ஆகிய கடமைகள் சங்கத்தின் செயற்குழுவுக்கும் நிறுவனத்தின் இயக்குநர்களுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். அறிக்கை போகும் அலுவலகம்தான் மாறும்.

அதிகாரக் கடிதம் வரும் வரை எதிலும் கை வைக்காதீர்கள்

அறங்காவலராக நியமிக்கப்பட்டவர், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அதிகாரியான உயர் நீதிமன்ற மாஸ்டரிடமிருந்து எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற பிறகுதான் செயல்படலாம். சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்வது இதுதான். குவாசுலு-நட்டாலில் மாஸ்டர் அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் டர்பனிலும் இருக்கிறது. ஏற்புப் படிவம், அடையாள அட்டையின் சான்றளித்த நகல், நியமனத் தீர்மானம் ஆகியவை அங்கே போகும். பதிலாக வரும் அதிகாரக் கடிதத்தில் இப்போதுள்ள எல்லா அறங்காவலர்களின் பெயரும் இருக்கும். உங்கள் பெயர் அதில் ஏறும் வரை காசோலையிலோ ஒப்பந்தத்திலோ நீங்கள் இடும் கையெழுத்து அறக்கட்டளையைக் கட்டுப்படுத்தாது.

கடிதம் வந்ததும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். காலமானவர், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனவர், எப்போதோ சண்டை போட்டு விலகியவர் எல்லோரும் அதில் இன்னும் இருக்கிறார்களா? இருந்தால் உங்கள் முதல் கூட்டத்தின் முதல் பொருள் அதுவாக இருக்கட்டும். காரணம், பத்திரம் குறைந்தது மூன்று அறங்காவலர் வேண்டும் என்று சொல்லி, நடைமுறையில் இருவரே மிஞ்சியிருந்தால், அந்த இருவர் செய்யும் எதுவும் அறக்கட்டளையைக் கட்டுப்படுத்தாது. 2004-இல் பார்க்கர் வழக்கில் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எல்லோரும் அறங்காவலர் ஆகவும் முடியாது. கடன் தீராத திவாலானவர், நேர்மைக்கேட்டால் இப்படிப்பட்ட பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டவர், இயக்குநராக இருக்க நீதிமன்றம் தடை விதித்தவர் போன்றோரை 2022-இல் வந்த திருத்தம் விலக்கி வைக்கிறது. ஒருவரை முன்மொழியும் முன் இதைத் தனியாகக் கேட்டுவிடுவது அவருக்கும் நல்லது.

பத்திரத்தை முழுவதும் படியுங்கள்

அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலை வாங்கி வீட்டில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படியுங்கள். ‘பத்திரம் பழைய செயலாளர் தாத்தா வீட்டு அலமாரியில் இருக்கிறது’ என்ற பதில் கிடைத்தால் மாஸ்டர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். பதிவான பத்திரம் அங்கே இருக்கும். நோக்கம் என்ன, கூட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டும், நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ அதிகாரம் உண்டா, பெரும்பான்மை முடிவு செல்லுமா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் வகுப்புக்கென்று ஏற்பட்ட அறக்கட்டளையின் பணத்தில் கோபுரத்துக்கு வண்ணம் பூச முடியாது. எவ்வளவு நல்ல மனத்தோடு செய்தாலும் அது நம்பிக்கை மீறல்தான்.

நிலப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். நிலம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் தேடிப் பார்க்கலாம். தனிமனிதர் ஒருவரின் பெயரில், அதுவும் அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்தும், நிலம் கிடந்தால் வாரிசுகள் உரிமை கோரும் நாள் வரும். நகராட்சி வரியும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2004-ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்து வரிச் சட்டம் வழிபாட்டுத் தலங்களுக்கு வரி விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்தச் சொத்து சமயச் சமூகத்தின் பெயரில் பதிவாகி, முதன்மையாகப் பொது வழிபாட்டுக்குப் பயன்பட வேண்டும். பூசகர் குடியிருக்கும் வீட்டுக்கும் விலக்கு உண்டு, அதுவும் சமூகத்தின் பெயரில் இருந்தால்.

எவ்வளவு கவனம் போதும்?

சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பிறருடைய காரியத்தை நடத்தும் ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய கவனம், முயற்சி, திறமை மூன்றையும் உங்களிடம் கேட்கிறது. சொந்தப் பணத்தில் நீங்கள் துணிந்து பங்குச் சந்தையில் இறங்கலாம், நண்பருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கலாம். அறக்கட்டளைப் பணத்தில் இரண்டும் கூடாது.

பழைய பத்திரங்கள் சிலவற்றில் ‘அறங்காவலர்கள் எந்த இழப்புக்கும் பொறுப்பாகமாட்டார்கள்’ என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கவனக்குறைவால் வந்த நம்பிக்கை மீறலிலிருந்து அறங்காவலரை விடுவிக்கும் வாசகம் எதுவானாலும் அந்த அளவுக்குச் செல்லாது என்று அதே 9-ஆம் பிரிவு சொல்கிறது. இழப்பு ஏற்பட்டால் உங்கள் சொந்தச் சொத்திலிருந்து ஈடு செய்யும்படி நீதிமன்றம் கேட்கலாம்.

இன்னொன்று, பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாத வரை அறங்காவலர்கள் எல்லோரும் சேர்ந்தே செயல்பட வேண்டும். தலைவர் தனியாக ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்து ‘ஒப்புதல் கொடுங்கள்’ என்று கேட்பது தலைகீழ் முறை. வயதில் மூத்தவர், கோயிலுக்காக உழைத்தவர், குடும்பத்தாலும் உறவு என்றால் மறுத்துப் பேச நம்மவர்களுக்கு வாய் வராது. ‘அண்ணா, இதைப் படித்துப் பார்க்க எனக்கு ஒரு வாரம் கொடுங்கள்’ என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதற்கும் வழியில்லையென்றால் உங்கள் மாற்றுக் கருத்தை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் உங்களைக் காப்பது அந்த ஒரு வரிதான்.

பணம்

10-ஆம் பிரிவின்படி, அறங்காவலராக நீங்கள் பெறும் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் ‘இரண்டு நாள் மட்டும்’ போட்டு வைப்பது இரண்டு நாளானாலும் மீறல்தான். கைபேசியில் வரும் நன்கொடைக்கும் இதே விதி. வங்கியோடு அல்லது வழக்கறிஞரோடு அறக்கட்டளைக்காக எந்தக் காரியத்தில் இறங்கினாலும் நீங்கள் அறங்காவலராக வந்திருக்கிறீர்கள் என்பதை அவர்களிடம் தெரிவிக்க வேண்டும்.

உண்டியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. தைப்பூசக் காவடி நாளையும் புனித வெள்ளியன்று நடக்கும் தீமிதியையும் நினைத்துப் பாருங்கள். பகல் முழுக்கக் கூட்டம், மாலைக்குள் எல்லோருக்கும் களைப்பு, உண்டியலோ நிறைந்து கிடக்கிறது. பூட்டுக்கு இரண்டு சாவி, இரண்டும் வெவ்வேறு குடும்பத்தார் கையில் இருக்கட்டும். எண்ணும் மேசையில் குறைந்தது மூன்று பேர். ஒரு தாளில் 200, 100, 50, 20, 10 ரேண்ட் நோட்டுகளுக்குத் தனித்தனி வரி, நாணயத்துக்கு ஒரு வரி, அடியில் மொத்தம், மூவரின் கையெழுத்து, நேரம். பணம் முத்திரையிட்ட வங்கிப் பைக்குள் போனதும் பையின் எண்ணை அதே தாளில் எழுதுங்கள். அடுத்த வேலை நாளில் வங்கி தரும் ரசீதை அந்தத் தாளோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பூக்காரருக்கும் மேளக்காரருக்கும் தர வேண்டியதை எண்ணுவதற்கு முன் உண்டியலிலிருந்து எடுக்கவே கூடாது. முழுத்தொகையும் கணக்கில் ஏறிய பிறகு, செலவு தனியாக, பில்லோடு வெளியே போக வேண்டும். இதைச் செய்வது யாரையும் சந்தேகப்படுவதற்காக இல்லை. நாளை யாராவது வாய் தவறி ஒரு சொல் சொன்னால், எண்ணிய தொண்டரின் நற்பெயரைக் காக்க அந்தத் தாள் ஒன்றே போதும்.

2023 ஏப்ரல் 1 முதல் புதிய கடமை ஒன்று சேர்ந்திருக்கிறது. அறக்கட்டளையின் உண்மைப் பயனாளிகள் யார், அதைக் கட்டுப்படுத்துபவர்கள் யார் என்ற பதிவேட்டை வைத்து, அதை மாஸ்டரிடம் மின்வழியில் தாக்கல் செய்ய வேண்டும். அறங்காவலர்களின் பெயர்களும் அதில் வரும். ‘நாங்கள் கோயில்தானே, எங்களுக்கு இது எதற்கு’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தர்ம அறக்கட்டளைக்கும் இது உண்டு. பதிவேடு வைக்கத் தவறினாலும், அறங்காவலர் என்று வங்கிக்குத் தெரிவிக்கத் தவறினாலும், 1 கோடி ரேண்ட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. பணமோசடித் தடுப்பில் குறை கண்டு 2023 பிப்ரவரியில் எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டு அமைப்பு, தீவிரக் கண்காணிப்புக்குரிய நாடுகளின் ‘சாம்பல் பட்டியலில்’ தென்னாப்பிரிக்காவைச் சேர்த்ததே, அந்தச் சூழலில் பிறந்த திருத்தம் இது. நாடு 2025 அக்டோபரில் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. கடமை அப்படியே இருக்கிறது.

நம் ஆள், நம் கடை

சிறிய சமூகத்தில் கட்டட வேலை செய்பவர், சமையல் பொருள் தருபவர், ஒலிபெருக்கி வைப்பவர் எல்லோரும் யாரோ ஒரு அறங்காவலரின் உறவாகத்தான் இருப்பார்கள். உறவினரிடம் வேலை கொடுப்பது தானாகவே குற்றமாகாது. மறைப்பதுதான் குற்றத்துக்கு வழி. ஆதாயம் இருப்பவர் அதை முதலில் சொல்லி, பேச்சு நடக்கும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும். அவர் போன பிறகும் பத்திரம் கேட்கும் எண்ணிக்கை அறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் இப்படி எழுதலாம்:

‘மண்டபக் கூரை வேலைக்கு மூன்று விலைப்பட்டியல்கள் வந்தன. அவற்றில் ஒன்று தம் மைத்துனரின் நிறுவனத்துடையது என்று அறங்காவலர் (அவர் பெயர்) தெரிவித்து, மாலை 7.10 மணிக்கு வெளியேறினார். மற்ற நால்வரும் மூன்றையும் ஒப்பிட்டு, உத்தரவாதக் காலம் அதிகம் என்பதால் இரண்டாவதை ஏற்றனர். 7.35 மணிக்கு அவர் திரும்ப அழைக்கப்பட்டார்.’

பெயர், நேரம், காரணம் மூன்றும் இருந்தால் போதும். அறங்காவலருக்கு ஊதியம் வேண்டுமானால் பத்திரம் சொல்வதைப் பாருங்கள். வரி விலக்குப் பெற்ற அமைப்பில் அது செய்யும் வேலைக்கு நியாயமான அளவை மீறக் கூடாது.

வரி விலக்கும் 18ஏ ரசீதும்

வருமான வரிச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின் கீழ்ப் பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரத்தை நாட்டின் வருவாய்த் துறையான சார்ஸிடம் கேட்டு வாங்க வேண்டும். கோயில் என்பதால் தானாகக் கிடைத்துவிடாது. அதற்கு ஒன்றோடொன்று உறவில்லாத குறைந்தது மூன்று பேர் பொறுப்பேற்க வேண்டும், எந்தத் தனி ஒருவரும் முடிவுகளைக் கட்டுப்படுத்தக் கூடாது. அண்ணன், தம்பி, அண்ணி மூவர் மட்டும் நடத்தும் அறக்கட்டளை இங்கேயே நின்றுவிடும். அரசியல் கட்சி எதையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ அமைப்பின் வளத்தைப் பயன்படுத்தவும் கூடாது. தேர்தல் நேரத்தில் வேட்பாளர் வந்து சாமி கும்பிடட்டும், தடையில்லை. மண்டபத்தையும் மேடையையும் இலவசமாகக் கொடுத்து வாக்குக் கேட்க விட்டால் அங்கீகாரமே ஆபத்தில் விழும்.

அங்கீகாரம் இருந்தாலும் வியாபார வருமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. நோக்கத்தோடு ஒட்டாத தொழிலில் வரும் வரவு, மொத்த வரவில் 5 சதவீதம் அல்லது 2,00,000 ரேண்ட், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மிகுதிக்கு வரி வரும். மண்டபத்தைத் தொடர்ந்து வாடகைக்கு விடும் கோயில்கள் இதைக் கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து, அடிக்கடி தவறும் இடம். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி நன்கொடையாளர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். ஆனால் சமய வழிபாட்டுக்கான நன்கொடைக்கு இந்தச் சலுகை கிடையாது. கும்பாபிஷேகத்துக்கும் கோபுரத் திருப்பணிக்கும் கொடுத்தவருக்கு 18ஏ ரசீது தர முடியாது. ஏழைகளுக்கு உணவு, மழலையர் பள்ளி, மருத்துவ உதவி போன்றவை தகுதி பெறும் வகைகள். அதற்கும் சார்ஸின் தனி அனுமதி வேண்டும். இரண்டும் செய்யும் கோயில் என்றால் 18ஏ பணத்தைத் தனியாகக் கணக்கு வைத்து, அந்த வேலைக்கு மட்டுமே, இந்த நாட்டுக்குள் மட்டுமே செலவிட வேண்டும். 2023 மார்ச் 1 முதல் ரசீதில் தொடர் எண், நன்கொடையாளரின் அடையாள எண், தொடர்பு விவரம் முதலியவையும் இருக்க வேண்டும். பெரிய நன்கொடையாளர் ஒருவர் ‘திருப்பணிக்குத்தான் தருகிறேன், ரசீதை மட்டும் அன்னதானத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டால், கைகூப்பி மறுத்துவிடுங்கள். அந்த நன்கொடை போனாலும் பரவாயில்லை.

இப்படிச் சேரும் அடையாள எண்களும் அர்ச்சனைப் பட்டியலில் உள்ள தொலைபேசி எண்களும் 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

எந்த அறிக்கை, எப்போது

சமூக மேம்பாட்டுத் துறையில் இலாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்திருந்தால் 1997-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் சட்டம் பொருந்தும். நிதியாண்டு பிப்ரவரி இறுதியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நிதி அறிக்கை ஆறு மாதத்துக்குள், அதாவது ஆகஸ்டு இறுதிக்குள் தயாராக வேண்டும். அடுத்த இரண்டு மாதத்துக்குள் கணக்கு அலுவலரின் எழுத்து அறிக்கை. நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள், நவம்பர் இறுதிக்குள், செயல்பாட்டு அறிக்கையோடு எல்லாம் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். சார்ஸுக்கான ஆண்டுப் படிவம் பன்னிரண்டு மாதத்துக்குள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் வேலையும் கணக்கு முடிக்கும் வேலையும் ஒரே வாரங்களில் வந்து மோதும் என்பதால், தணிக்கைக்கான கோப்பை ஜூன் மாதமே கணக்காளரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

மாஸ்டர் எப்போது கேட்டாலும் கணக்குக் காட்ட வேண்டும். தணிக்கையாளர் பெரிய முறைகேடு கண்டால் முதலில் உங்களுக்கு எழுதுவார். ஒரு மாதத்துக்குள் சரியாகாவிட்டால் மாஸ்டருக்கு எழுத அவர் கடமைப்பட்டவர். ஆகவே அவர் கடிதம் வந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திராமல் உடனே கூடுங்கள். பழைய ரசீதுகளையும் குறிப்பேடுகளையும் இடமில்லை என்று எரித்துவிடாதீர்கள். அறக்கட்டளை முடிவுக்கு வந்து ஐந்து ஆண்டு ஆகும் வரை, மாஸ்டரின் எழுத்து அனுமதியின்றி ஆவணங்களை அழிக்கக் கூடாது.

கோயிலுக்கே உரிய சில

தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிக்கோ இலங்கையில் வெள்ள நிவாரணத்துக்கோ பணம் அனுப்பும் அமைப்பு, இலாப நோக்கமற்ற அமைப்பாகக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது. பணமும் அனுமதி பெற்ற வங்கி வழியாகத்தான் போக வேண்டும். ஊருக்குப் போகிறவர் பெட்டியில் நோட்டுக் கட்டாகக் கொடுத்தனுப்பக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து பூசகரை அழைத்தால், அந்த வேலைக்குரிய விசா அவரிடம் இருக்கிறதா என்று அறங்காவலர்களே பார்க்க வேண்டும்; இல்லாமல் வேலைக்கு வைப்பது குற்றம். தட்டில் விழும் தட்சிணையே சம்பளம் என்று விட்டுவிடாமல், எழுத்தில் ஒப்பந்தமும் முறையான சம்பளமும் கொடுங்கள். தொலைவிலிருந்து வந்து நமக்காகப் பூசை செய்பவரை உரிமையற்றவராக வைத்திருப்பது சட்டத்துக்கும் ஆகாது, சந்நிதிக்கும் ஆகாது.

குறைந்தது 2,000 பேர் கூடக்கூடிய இடத்தில் நடக்கும் விழாவுக்கு 2010-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் வரும். சமய விழாக்களும் அதில் அடக்கம். காவல்துறைக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

விலக வேண்டுமானால்

முடியவில்லை என்றால் விலகுவதில் தவறில்லை. கோபத்தில் எழுந்து போவதும், குழுவில் ‘நான் இனி இல்லை’ என்று செய்தி போடுவதும் சட்டப்படி விலகல் ஆகாது. அறக்கட்டளைச் சொத்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி மாஸ்டருக்கும், பெயர் குறித்த பயனாளிகள் இருந்தால் அவர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாஸ்டர் ஒப்புக்கொண்டு பதில் எழுதும் வரை கூட்டங்களுக்குப் போய்க்கொண்டே இருங்கள், கணக்கைக் கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரை நடப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. சாவி, காசோலைப் புத்தகம், இணைய வங்கிக் கடவுச்சொல், கோப்புகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, வாங்குபவரின் கையெழுத்தோடு ஒப்படையுங்கள். வங்கியில் உங்கள் கையெழுத்து அதிகாரத்தை நீக்கச் சொல்லி, நீக்கியதற்கான கடிதத்தை வாங்குங்கள். புதிய அதிகாரக் கடிதம் வந்ததும் அதில் உங்கள் பெயர் இல்லை என்று பார்த்து, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.